ஒரே டம்ளரில் இரண்டு செட்

இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் நாலாயிரம் பேரை எனக்கு வாயை வைத்துத் தெரியும். முகத்தை வைத்து நாற்பது பேரைத் தெரிந்தால் அதிகம். நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் ஈறுக்கு அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து அனுப்புவார்கள். நான் மெழுகு வைத்து, பல் அடுக்கி, வேகவைத்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவேன். வாய்க்குச் சொந்தக்காரர் என்னைப் பார்த்ததில்லை, நானும் அவரைப் பார்த்ததில்லை. லேப் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

இருபத்து மூன்று வருடம் இப்படி வேலை பார்த்ததில் ஒரு கெட்ட குணம் ஒட்டிக்கொண்டது. யார் சிரித்தாலும், அது சொந்தச் சிரிப்பா செய்த சிரிப்பா என்று பார்ப்பேன். சிரிப்போடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் பிராணி.

அந்தக் குணத்தால் என் தங்கைக்கு வந்த இரண்டு வரன்களை நானே கெடுத்தேன். முதல் வரனின் விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருந்தது. சீட்டாட்டக் கிளப்பில் கிடக்கிற ஆள் என்று முடிவு கட்டி ஊரெல்லாம் விசாரித்தேன். அவர் அச்சகத்தில் மை போடுகிறவர். இரண்டாவது ஆளின் சட்டைப் பித்தான் நான்கு துளையிலும் நூல் குறுக்கே போய் அவ்வளவு நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்றேன். பாவம், அவரே தைத்துக்கொண்டாராம். இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு வயது. மூன்றாவதாக ஒருவரை அவளே பார்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, இந்தத் தடவை நீ வாயே திறக்கக் கூடாது. திறந்தேன்னு வெச்சுக்கோ, நான் உனக்குத் தங்கச்சியே இல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டு வளர்த்த பெண். அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் பெரிய மரச்சாமான் கடைக்குச் சொந்தக்காரர். இவள் புத்தக அலமாரி வாங்கப் போய்ப் பழக்கமாம். வயது நாற்பத்து நாலு என்றார். பார்த்தால் நாற்பதுகூடச் சொல்ல முடியாது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நரை இல்லை. நான் மனதுக்குள் அவருக்குப் பாலிஷ் என்று பெயர் வைத்தேன். பெயர் வைப்பதற்குச் சத்தியத்தில் தடை இல்லை.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது என்னை "வாங்க அக்கா" என்று கூப்பிட்டார். பெண்ணுக்கு அக்கா எனக்கும் அக்கா என்கிற முறையில்தான் கூப்பிட்டார், சரி. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. நானும் சும்மா இருக்காமல் "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றேன். இனிப்பு கிடைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்வதாக யாருக்கும் சத்தியம் பண்ணவும் இல்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் தலைக்கு மேலே ஒரு விளக்கும் கிடையாது. எல்லாம் பக்கவாட்டில், மங்கலாக, மஞ்சளாக. திரும்பிய இடமெல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடி. அவர் உட்கார வேண்டிய நாற்காலி முன்பே முடிவாகியிருந்தது. வேறு எதிலும் உட்காரவில்லை. வெயில் கொளுத்துகிற நாளில் கழுத்துவரை பித்தான், மணிக்கட்டுவரை கை. முகத்தை எப்படி வேண்டுமானாலும் தேய்த்து வைத்துக்கொள்ளலாம், புறங்கையை என்ன செய்ய முடியும்? சாப்பிடாத நேரமெல்லாம் அவர் கை இரண்டும் மேஜைக்கு அடியிலேயே இருந்தன. ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவித் தின்றார். சிரிப்பு வந்தால் உதட்டை மூடிக்கொண்டே சிரித்தார். சின்ன வயதுப் படம் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. கேட்டால் எல்லா ஆல்பமும் வெள்ளத்தில் போய்விட்டதாம். கல்யாணத்தைப் பதிவு செய்கிற பேச்சை என் வீட்டுக்காரர் எடுத்தபோது, "முதல்ல ஒரு விருந்து வெச்சு அறிவிச்சுடலாம் மாமா. பதிவெல்லாம் ஆற அமரப் பண்ணிக்கலாம்" என்று நழுவினார்.

பக்கத்திலேயே அவர் அம்மா உட்கார்ந்திருந்தார். பார்த்தால் எண்பது வயது சொல்லலாம். முழு நரை, தடித்த கண்ணாடி, சால்வை, கூன். வாயில் ஒரு பல்கூட இல்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் மோவாயும் ஒன்றை ஒன்று தொடப் போயின. "ராஜா, தண்ணி குடிச்சியா" என்று குழறலாகக் கேட்டார். பாலிஷ் அவர் தோளில் கைபோட்டு, "எனக்கு எல்லாமே அம்மாதான்" என்றார். என் தங்கை கண் கலங்கிவிட்டாள்.

எனக்குக் கலங்கவில்லை. அந்த அம்மா எழுந்தபோது நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்தார். எண்பது வயது முட்டி அப்படி எழாது. சால்வை நழுவின ஒரு நொடியில் கழுத்தைப் பார்த்தேன். அது கிழவியின் கழுத்து இல்லை.

அதோடு இன்னொன்று. பல் இல்லாத வாய் முகத்துக்கு இருபது வயதைக் கூட்டும். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வசதியான வீட்டில், இவ்வளவு பாசமான மகன் இருந்தும், அம்மாவுக்கு ஏன் ஒரு பல் செட் இல்லை?

கிளம்புகிற நேரத்தில் கை கழுவச் சமையலறைக்குப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்தார். சால்வைக்குள்ளிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து என் பைக்குள் திணித்தார்.

"நீ பல் செட் செய்யறவளாமே. உன் தங்கச்சி சொன்னா. இது உடைஞ்சு போச்சு. ஒட்டிக் குடும்மா. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏம்மா? தெரிஞ்சா என்ன?"

என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார். அந்தப் பிடியில் நல்ல பலம் இருந்தது.

மறுநாள் காலை லேப்புக்குப் போனதும் முதல் வேலையாக முடிச்சை அவிழ்த்தேன். மேல் செட், நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. பழையது, ஆனால் தினமும் துலக்கிச் சுத்தமாக வைத்திருந்த செட். உள்பக்கம், அண்ணத்தின் கடைசியில், கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் 1147-பி என்று என் கையெழுத்து.

இதைச் செய்தது நான்தான்.

இந்த எண் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேப்பில் செய்கிற ஒவ்வொரு செட்டுக்குள்ளும் ஓர் எண் புதைப்போம். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேருக்குச் சேர்த்து வந்தாலும் தனித்தனி எண்தான். அம்மா, மகன் என்றாலும் அப்படித்தான். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் ஒரே எண். ஆணுக்கு ஏ, பெண்ணுக்கு பி. லேப்பை ஆரம்பித்த முதலாளியம்மா போட்ட வழக்கம் அது. "கட்டினவங்கதான் ராத்திரி ஒரே டம்ளர்ல பல்லைக் கழட்டிப் போடுவாங்க. காலையில மாறிடும். அதனால ஜோடின்னா தெரியற மாதிரி எண் போடு" என்பார். வேறு எந்த லேப்பிலும் இந்த வழக்கம் இல்லை.

பதிவேட்டை எடுத்தேன். பதினொரு வருடம் முந்தையது. 1147-ஏ, ஆண், வயது நாற்பத்தொன்பது. 1147-பி, பெண், வயது நாற்பத்தேழு. வெளியூர் டாக்டர் ஒருவர் அனுப்பிய சீட்டும் அதோடு குத்தியிருந்தது. "இருவருக்கும் மேலே இடது பக்கம் இரண்டாவது பல் லேசாக உள்ளே திரும்பியிருக்கட்டும். இருவருக்கும் ஒரே சிரிப்பு வேண்டுமாம். ஆணின் விருப்பம்." எனக்கு நினைவு வந்தது. கிழடு தட்டுகிற வயதில் என்ன கொஞ்சல் வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அந்தப் பல்லைத் திருப்பினேன்.

நாற்பத்தேழும் பதினொன்றும் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு நாற்பத்து நாலு வயதில் மகனா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் பதினாலு வயதில் பெற்றிருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு தடவை சூடு பட்டவள் நான். ஏ என்பது செத்துப்போன அப்பாவாக இருக்கலாம். இந்த அம்மா சித்தியாக இருக்கலாம். ஏ யாருடைய வாயில் இருக்கிறது என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. அவரோ உதட்டைத் திறப்பதில்லை.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரரிடம் பொதுவாக, "அந்தாளு சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சுட்டியா? மூணாவது மாப்பிள்ளையும் ஓடணுமா? பேசாம உன் வேலையைப் பாரு."

வேலையைத்தான் பார்த்தேன். உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்தபோது ஒன்று தெரிந்தது. கைதவறி விழுந்த செட் ஓரத்தில்தான் சில்லுப் போகும். இதில் ஓரம் அப்படியே இருந்தது. யாரோ தரையில் வைத்து, நடுவில் எதையோ வைத்து அடித்து உடைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் பாலிஷ் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவே கதவைத் திறந்தார். கூன் இல்லை. கண்ணாடியும் இல்லை. ஓரெட்டுப் பின்வாங்கினேன்.

"நீ வருவேன்னு தெரியும். எண்ணைப் பாத்தியா?"

"பாத்தேன். நீங்களே உடைச்சீங்களா?"

"அம்மிக் குழவியால. ஒரே போடு." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "பதினொரு வருஷமா ரெண்டு செட்டையும் நான்தான் கழுவறேன். ஏ, பி-ன்னு எழுதியிருக்கும். செஞ்சவங்க கண்ணுக்கு என்னிக்காவது படாதான்னு நெனப்பேன். உன் தங்கச்சி வந்து, எங்கக்கா பல் செட் செய்யறவங்கன்னு சொன்னா பாரு, அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல."

"அப்ப அவர்..."

"என் வீட்டுக்காரர். வர்ற மாசம் அறுபது முடியுது."

மீதியை அந்த அம்மா தானாகவே சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்கள் கதை மாதிரி.

"ஏழு வருஷம் முன்னாடி ஒரு ஓட்டல்ல சாப்பிட்டுட்டு இருந்தோம். பரிமாற வந்த பையன், 'உங்க அம்மாவுக்கு என்ன சார் வேணும்?'னு கேட்டான். இவர் அப்பத்தான் தலைக்குச் சாயம், முகத்துக்கு ஊசின்னு ஆரம்பிச்சிருந்தார். எனக்கு நரை விழுந்திருந்துச்சு. இல்லப்பா, இவ என் பொண்டாட்டின்னு சொல்வாருன்னு பாத்தேன். சிரிச்சுட்டு, 'அம்மாவுக்கு சூப்பு'ன்னார். வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அதுதான் நான் பண்ண தப்பு. அடுத்த தடவை யாரும் கேக்காமலே அவரே சொன்னார்."

பிறகு ஊர் மாறினார்கள். புது ஊரில் முதல் நாளிலிருந்தே அம்மா. தலைக்குச் சாயம் கூடாது. ஆள் வந்தால் கண்ணாடி, சால்வை. அப்புறம் ஒருநாள், "வெளியாள் வர்றப்ப பல்லைக் கழட்டிடு" என்றாராம். பக்கத்தில் கிழவி இருந்தால்தான் அவர் இளமையாகத் தெரிவார். அவர் உட்கார்கிற நாற்காலி, பக்கவாட்டு விளக்கு, இந்த அம்மா, எல்லாம் அதற்காக வைத்த சாமான்கள்.

"நீங்க ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?"

"முதல்ல ஆசையில. அப்புறம் பயத்துல. இப்ப பழக்கத்துல." சால்வையை மடித்து நாற்காலியில் போட்டார். "எனக்கு வயசாச்சுன்னு என்னை அம்மாவாக்கிட்டார். உன் தங்கச்சிக்கு வயசாச்சுன்னா அவளை என்னவாக்குவாரோ? அந்தப் பொண்ணு என் கால்ல செருப்பை மாட்டி விடுது, அத்தைங்குது. என்னால தாங்க முடியல."

"நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்களேன். நான் வாய் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்பார். அதுக்கு ஒரு டாக்டர் சீட்டுகூட வாங்கி வெச்சிருக்கார். என் பல்லை எல்லார் முன்னாடியும் குடு. தனியா குடுத்தா பிடுங்கி வெச்சுப்பார். மத்ததை நான் பாத்துக்கறேன்."

வீடு திரும்பும்போது அந்த ஆளை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. தங்கையின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. ஜன்னல் திரையை எல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தேன். உள்ளே வந்த பாலிஷ் வெளிச்சத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றார். பிறகு ஜன்னலுக்கு முதுகு காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தங்கை நீல உடையில் இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

பழத்தட்டு வந்ததும் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து அந்த அம்மா முன்னால் வைத்தேன்.

"ஒட்டிட்டேம்மா. போட்டுப் பாருங்க."

பாலிஷின் கை மேஜைக்கு அடியிலிருந்து சட்டென்று வெளியே வந்தது. "என்ன இது? எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்? அம்மாவுக்கு செட்டு ஒத்துக்காது, புண்ணாயிடும். அப்புறம் போட்டுக்கலாம்மா."

புறங்கை முழுக்கக் கறுப்புப் புள்ளிகளும் புடைத்த நரம்புகளும். தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். அவர் உடனே இழுத்துக்கொண்டார்.

அதற்குள் அந்த அம்மா, சால்வையில் முடிந்து கொண்டுவந்திருந்த கீழ் செட்டோடு சேர்த்து, இதையும் வாயில் பொருத்திவிட்டார். உள்ளே போயிருந்த கன்னம் எழும்பி வந்தது. உதடு நிமிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், முதுகை நேராக்கிக்கொண்டார். எங்கள் எதிரில் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல களையான முகம்.

"அத்தை! எவ்ளோ அழகா இருக்கீங்க!" என்றாள் தங்கை. "அக்கா, நீயா ஒட்டினே?"

"ஒட்டினது மட்டும் இல்லடி. பதினொரு வருஷம் முன்னாடி செஞ்சதே நான்தான்." இது சந்தேகம் இல்லை, என் வேலை. சத்தியத்துக்கு வெளியே நின்றுதான் பேசினேன்.

அந்த அம்மா பாலிஷைப் பார்த்து மெல்லச் சிரித்தார். இடது பக்கம் இரண்டாவது பல் லேசாக உள்ளே திரும்பியிருந்தது. பாலிஷின் உதடு இறுகியது. அப்போது என் வீட்டுக்காரர், ஒன்றும் அறியாத அப்பாவி, குறுக்கே புகுந்தார்.

"சிரிச்சா அம்மாவே இவ்ளோ லட்சணமா இருக்காங்களே, தம்பி மட்டும் ஏன் உம்முனே இருக்கார்? உங்க சிரிப்பை இன்னும் நாங்க பாக்கவே இல்லியே!"

தங்கையும் சேர்ந்துகொண்டாள். "ஆமா மாமா, கடையில ஒருநாள் சிரிச்சார் பாருங்க. அந்தச் சிரிப்புலதான் நான் விழுந்தேன்."

அழகைப் புகழ்ந்துவிட்டால் அந்த மனிதரால் தாங்க முடியாது. பயத்தையும் மீறி முகம் மலர்ந்துவிட்டது. பளிச்சென்று சிரித்தார். இடது பக்கம் இரண்டாவது பல். என் கை திருப்பி வைத்த அதே பல்.

"அட! அம்மா சிரிப்பு அப்படியே இருக்கே!" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாரும் சொல்வாங்க மாமா," என்றார் பாலிஷ். கைதட்டல் கேட்ட நடிகர் மாதிரி தெம்பு வந்திருந்தது. "எனக்கு அப்படியே அம்மா பல்லு. பிறப்புலயே வந்தது."

தங்கை கத்தியைத் தட்டில் வைத்தாள். கணக்கில் ஒரு வரி இடிக்கும்போது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கினாள்.

"எந்தப் பல்லு?"

"என்ன எந்தப் பல்லு?"

"அத்தை வாயில இருக்கறது எங்கக்கா செஞ்ச பல்லு. செஞ்சு பதினொரு வருஷம்தான் ஆச்சு. அது உங்களுக்கு எப்படிப் பிறப்புல வரும்?"

பாலிஷ் வாயைத் திறந்தார், மூடினார். "அது... அம்மாவோட பழைய பல்லு மாதிரியே டாக்டர்..." என்று இழுத்தார். அவர் நழுவிவிடுவாரோ என்று பயந்தேன். தங்கையும் நம்பத்தான் விரும்பினாள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

அப்போது அந்த அம்மா கூப்பிட்டார். குழறல் இல்லாத, தெளிவான குரல்.

"என்னங்க."

"ம், என்ன?" என்று திரும்பினார் பாலிஷ்.

முப்பத்தைந்து வருடப் பழக்கம். யோசிக்காமல், எந்த வீட்டில் எந்தப் புருஷனும் திரும்புகிற மாதிரி திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. கழுத்தை மறுபடி எங்கள் பக்கம் திருப்ப அவரால் முடியவில்லை.

"போதுங்க," என்றார் அவர் மனைவி. "நீங்க கிளம்புங்க. நான் சாப்பிட்டு முடிக்கல."

பாலிஷ் எழுந்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. அறுபது வயது மனிதர். வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை தங்கை அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தன் தட்டிலிருந்த ஆப்பிளை எடுத்துச் சீவப் போனாள், அந்த அம்மாவுக்குக் கொடுக்க.

"சீவாதம்மா, முழுசா குடு," என்றார் அவர்.

புதிதாக ஒட்டிய செட்டால் முழு ஆப்பிளைக் கடிக்கக் கூடாது. யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.